மோட்டாரைப் பிடித்து வைத்துக்கொண்டு முழு பில்லையும் கேட்கலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா, எங்களுக்குக் கீழக்கரை. கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. கணவர் துபாயில் இருக்கிறார், வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான். கார் ஷெட்டின் ரிமோட் ஷட்டரில் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. மெக்கானிக்கிடம் போனில் கேட்டபோது, "ஸ்பிரிங் மாத்தி, கூலியோட 4,500 ஆகும்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். 2,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டுவிட்டேன். வந்து கழற்றிய பிறகு, "கீழ்ப் பட்டையெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, மோட்டாரையும் சர்வீஸ் பண்ணணும்" என்றார். "சரி, பாருங்க" என்றேன். மோட்டாரைப் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். இப்போது 22,420 ரூபாய்க்கு பில். ஸ்பிரிங் இரண்டு 5,000, பட்டை பத்து 8,000, மோட்டார் சர்வீஸ் 3,500, கூலி 2,500, ஜிஎஸ்டி 3,420. முழுப் பணமும் வந்தால்தான் மோட்டாராம். ஷட்டர் பாதியில் நிற்கிறது, ராத்திரி தூக்கமில்லை. நான் 4,500 மட்டும் கொடுத்தால் போதாதா?

பதில்: சகோதரி, உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 4,500 மட்டும் போதாது. "சரி, பாருங்க" என்று நீங்கள் சொன்னது கூடுதல் வேலைக்கான சம்மதம். விலை பேசாமல் வேலை வாங்கினால், செய்த வேலைக்கு நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 70-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஆனால் நியாயமான கூலி வேறு, அவர் எழுதிய தொகை வேறு.

உங்கள் கையில் இருக்கும் பெரிய பிடி மோட்டார் விஷயம்தான். ஒரு பொருளின் மீது வேலை செய்தவர், தனக்குச் சேர வேண்டிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்திருக்க அதே சட்டத்தின் 170-ஆவது பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமை, அந்தப் பொருளின் மீது செய்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். ஸ்பிரிங்கும் பட்டையும் உங்கள் வீட்டில் மாட்டப்பட்டவை. அந்தப் பாக்கிக்காக மோட்டாரைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் உரிமை வங்கி போன்ற சிலருக்கு மட்டும் 171-ஆவது பிரிவில் உண்டு. மெக்கானிக் அதில் வர மாட்டார். எனவே மோட்டார் சர்வீஸுக்கு அவரே எழுதிய 3,500-ஐ உடனே கொடுப்பதாக வாட்ஸ்அப்பில் எழுதி, மோட்டாரைக் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் திருட்டுப் புகார் வேண்டாம். நீங்கள் சம்மதித்துத்தானே கொண்டு போனார்? அந்தப் புகார் நிற்காது, உங்கள் பக்க நியாயத்தையும் கெடுத்துவிடும்.

அடுத்து பில். இன்றே பகல் வெளிச்சத்தில் ஷட்டர் முன்னால் நின்று புதுப் பட்டைகளை எண்ணுங்கள். உப்புக்காற்று படும் நம் ஊர் ஷட்டர்களில் துரு கீழிருந்துதான் ஏறும். ஈரமும் உப்பும் தங்குவது அடிப் பட்டைகளிலும், பட்டைகள் ஏறி இறங்கும் பக்கவாட்டுத் தடமான கைடின் அடிப்பகுதியிலும்தான். புதிதாக மாட்டியவை பழைய பட்டைகளுக்கு நடுவே பளிச்சென்று தனியாகத் தெரியும். பத்துக்குப் பதில் ஆறுதான் இருந்தால், 3,200 ரூபாய் அங்கேயே கழிகிறது. தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

கழற்றிய இரண்டு ஸ்பிரிங்கும் எங்கே என்று கேளுங்கள். பழைய பாகம் உங்கள் சொத்து. அறுந்தது ஒன்றா இரண்டா என்பதை அதைப் பார்த்தாலே சொல்லலாம். காட்ட முடியாவிட்டால், இரண்டாவது ஸ்பிரிங்கின் 2,500 ரூபாயை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி 3,420-ஐ எந்த எண்ணின் பேரில் கேட்கிறார்? பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கவே கூடாது. எண் இல்லையென்றால் அந்த வரியை அப்படியே அடித்துவிடுங்கள்.

கூலி 2,500-க்காகச் சண்டை போடாதீர்கள். முதலில் பேசியதிலேயே கூலி சேர்ந்திருந்தது, பட்டை மாற்றியதற்குச் சற்றுக் கூடியது நியாயம்தான்.

பட்டை ஆறுதான், ஜிஎஸ்டி எண்ணும் இல்லை என்றால் கணக்கு 15,800. அட்வான்ஸ் போக 13,800. ஸ்பிரிங் ஒன்றுதான் அறுந்தது என்றால் அதிலும் 2,500 குறையும். பட்டைக்கு 800 ரூபாய் சரியான விலையா என்பதற்கு ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ வேறு ஷட்டர் கடை இரண்டில் விலை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது நாளைக்கு உதவாது.

அவர் மசியவில்லை, ஷட்டரை இப்படியே விடவும் முடியாது என்றால், கேட்ட பணத்தைக் கொடுத்தே மோட்டாரை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பணம் அனுப்புமுன், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்பேன்" என்று எழுதி அனுப்புங்கள். நிர்ப்பந்தப்படுத்தி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு வழி விடுகிறது.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீட்டு உபயோகத்துக்கான வேலை என்பதால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். மெக்கானிக் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அந்தக் குரல் பதிவு உங்களுடைய முதல் சாட்சி. போனை மாற்றினாலும் பழைய போனை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மோட்டார் மாட்டும்வரை பாதியில் நிற்கும் ஷட்டருக்கு அடியில் பிள்ளைகளை விடாதீர்கள், கீழே கனமான முட்டு ஒன்று கொடுத்து வையுங்கள். மாட்டிய அன்று, அவர் இருக்கும்போதே நாலு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்புறம்தான் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும்.