கைபேசிக் கோபுரமே இல்லாத இடத்தில் இராணுவ வாகனங்கள் எப்படித் தொடர்பில் இருக்கின்றன?

திருகோணமலையில் கோபுரம் செயலிழந்தால் நம் கைபேசி செயலற்றுப்போகிறது; ஓடிக்கொண்டே இருக்கும் வாகன அணிக்கு மட்டும் எப்படிச் சாத்தியம் என்பது கேள்வி.

அங்கே ஒவ்வொரு வாகனமும் தானே ஒரு சிறு கோபுரம். ஓர் அணி கந்தளாய் வீதியில் நீண்டு செல்வதாக வைத்துக்கொள்வோம். கந்தளாயில் உள்ள முதல் வண்டியின் அலை திருகோணமலை நகரிலுள்ள கடைசி வண்டியை எட்டாது. தம்பலகாமத்தில் நிற்கும் நடு வண்டி செய்தியை வாங்கிக் கடத்திவிடும். நடு வண்டி விலகினால், எட்டும் தூரத்தில் வேறு வண்டி இருக்கும்வரை, கருவிகளே புதிய பாதையைத் தேடிக்கொள்ளும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்பா 1970களிலேயே வேனில் ரேடியோ பொருத்தி இதைப் பரிசோதித்தது.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு கடத்தலும் தாமதத்தைக் கூட்டும், அலைவரிசைக் கொள்ளளவைத் தின்னும். குரலும் இருப்பிடத் தகவலும் எளிதாகப் போகும்; காணொளி திணறும். கன்னியாப் பக்கத்துக் குன்றுகள் போன்றவை குறுக்கிட்டால் இன்னும் மோசம். அதனால்தான் செயற்கைக்கோள் இணைப்பும் சேர்க்கிறார்கள். வண்டி குலுங்கினாலும், சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளை நோக்கியே அலைவாங்கி திரும்பியிருக்க வேண்டும்.

எதிரி குறுக்கிடுவதைத் தடுக்க, ரேடியோ ஒரே அலைவரிசையில் நிற்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது: அமெரிக்காவின் சின்கார்ஸ் ரேடியோ 30 முதல் 88 மெகாஹேர்ட்ஸ் வரையிலான பரப்பில் நொடிக்கு 111 முறை தாவும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் நண்பனுக்கும் கேட்காது. என் பார்வையில் பெரிய சிக்கல் வேறு: பேசினாலே அலை வெளியேறும், அதன் திசையைக் கொண்டு வண்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே நல்ல அணிகள் குறைந்த சக்தியில், சுருக்கமாகவே பேசும்.