காதில் வைத்த பஞ்சு

கேள்வி: எனக்கு வயது 39. திருமணம் ஆகவில்லை, வீட்டில் நானும் அம்மாவும்தான். பல வருடமாக பௌத்தம் படிக்கிறேன். தேரவாதம் பற்றெல்லாம் அற்று விடுதலை பெற்ற அரகந்தர் நிலையைச் சொல்கிறது, மகாயானம் மற்ற உயிர்களுக்காகவும் புத்தநிலையை நாடும் போதிசத்துவராகச் சொல்கிறது, அமிதாபர் என்ற புத்தரின் பெயரைச் சொன்னாலே போதும் என்கிறது இன்னொரு மரபு. ஜென், திபெத்திய தியானம் இரண்டும் செய்து பார்த்தேன். இந்தப் பிறவியிலேயே ஞானம் தருவது எது? அது யாருக்குக் கிடைக்கும் என்பது முன்பே விதிக்கப்பட்டதா? பக்கத்து அறையில் அம்மா இருமிக்கொண்டே இருப்பதால் மனம் குவிய மாட்டேன் என்கிறது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அவர் உடம்புக்கு வருவது அவர் முன்வினை. சீக்கிரம் துறவு பூணவும் எண்ணம்.

பதில்: எந்த மார்க்கம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு இங்கே குறைவில்லை. பஞ்சைப் பற்றி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அம்மா எத்தனை நாளாக இருமுகிறார்? சளி வருகிறதா, இளைத்துவிட்டாரா, ராத்திரி தூங்குகிறாரா? ஒரு வரி இல்லை. மரபுகளின் பெயர்கள் மட்டும் பிழையில்லாமல் இருக்கின்றன.

முன்வினையைப் புத்தர் தலையில் கட்டாதீர்கள். மனிதர் அனுபவிப்பதெல்லாம் பழைய வினைதானா என்று மோலியசீவகர் என்ற துறவி கேட்டபோது, அப்படிச் சொல்வது தவறு என்றார் புத்தர். பித்தம், கபம், வாயு, பருவ மாற்றம் என்று எட்டுக் காரணங்களை அடுக்கினார். அதில் வினைப்பயன் எட்டாவது, கபம் இரண்டாவது. புத்தர் உரைகளின் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது, இத்தனை படித்த உங்கள் கண்ணில் படவில்லையா? எல்லாம் விதிப்படி என்றவர் புத்தர் காலத்து வேறொரு ஆசான், மக்கலி கோசாலர். அந்தக் கொள்கையைப் புத்தர் கடுமையாகவே எதிர்த்தார்.

திபெத்திய தியானம் செய்தேன் என்கிறீர்கள். எல்லா உயிரும் ஏதோ ஒரு பிறவியில் எனக்குத் தாயாக இருந்தது என்று எண்ணி, இந்தப் பிறவித் தாய் செய்ததை நினைத்து, அங்கிருந்து கருணையை வளர்க்கும் பயிற்சி அதில் உண்டு. காதில் பஞ்சோடு அதை எப்படிச் செய்தீர்கள்? எண்ணற்ற உயிர்களைக் கரையேற்றுவேன் என்பது போதிசத்துவர் எடுக்கும் உறுதி. அந்தக் கணக்கில் பக்கத்து அறை வராதா? அமிதாபர் பெயரைச் சொல்ல அமைதிகூட வேண்டாம், இருமலுக்கு நடுவிலும் சொல்லலாம். அந்த வழியில் ஜப்பானில் பெரும் மரபைத் தொடங்கிய ஷின்ரான் (1173-1263) மனைவி மக்களோடு வாழ்ந்தவர்.

சரி, தேரவாதத்தில் வீடு தடைதானே என்பீர்கள். மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் கடீகாரர் என்ற குயவர் வருகிறார். முந்தைய புத்தரான கஸ்ஸபரின் சீடர். இவ்வளவு தர்மம் கேட்டும் ஏன் துறவியாகவில்லை என்று நண்பர் ஜோதிபாலர் கேட்கிறார். கண் தெரியாத வயதான பெற்றோரைக் காப்பாற்றுவது நான்தான் என்று உனக்குத் தெரியாதா என்கிறார் குயவர். ஜோதிபாலர் துறவியாகிறார், பிற்பாடு கௌதம புத்தராகப் பிறந்தவர் அவரே. கடீகாரர் பானை வனைந்தபடி பெற்றோருக்குச் சோறு போடுகிறார். அந்த வீட்டிலேயே அநாகாமி ஆகிறார், அதாவது அரகந்தருக்கு ஒரு படி கீழே. கஸ்ஸபர் ஒருமுறை வந்தபோது மகன் வெளியே போயிருக்க, கண் தெரியாத அந்தப் பெற்றோர், பானையில் சோறும் சட்டியில் குழம்பும் இருக்கிறது, எடுத்துச் சாப்பிடுங்கள் என்றார்கள். அவரும் தாமே எடுத்துச் சாப்பிட்டுப் போனார்.

மரபுகளுக்குள் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் பெற்றவள் நோயாக இருக்கும் வீட்டில் தியானத்துக்கு இரண்டாம் இடம்தான். இதில் எனக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது.

துறவு பூணப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது விநய விதி, அதாவது துறவிகளுக்கான ஒழுங்கு. தம் மகன் ராகுலனுக்குத் துறவு கொடுத்தபோது தாத்தா சுத்தோதனர் கலங்கிக் கேட்டதால் புத்தரே வைத்தது. நீங்கள் அம்மாவிடம் கேட்டால் கொடுத்துவிடுவார், எனக்கு அதுதான் பயம். ஆகவே இப்போது கேட்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். நாளை காலை தியானத்தை விட்டுவிட்டு அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், மார்க்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.