பெரியப்பாவின் 591 மதிப்பெண்ணும் மகளின் ஆறு பாட்டில்களும்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மகள் படிப்புக்கு யோசனை கேட்டு வீடியோ காலில் வந்தார்கள். மகள் பத்தாவது, கணக்கில் ‘பி’. எதிர்வீட்டுச் சீனப் பையன் அதற்குள் கால்குலஸ் முடித்துவிட்டானாம். சென்னையிலிருந்து பெரியப்பா, “சீனாக்காரனைப் பார், கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்” என்று தினமும் வாட்ஸ்அப். மாதம் 600 டாலருக்கு ஒரு கோச்சிங்கும் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். பெரியப்பா அனுப்பிய, பிசா என்கிற பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசத் தேர்வின் 2018 கணக்கு மதிப்பெண்ணை அம்மா காட்டினார்: சீனா 591, அமெரிக்கா 478. அதோடு ஆறுதலை நிறுத்திவிட்டு விவரத்துக்கு வந்தேன்.

அந்த 591 பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் ஆகிய நான்கு இடங்களுக்கு மட்டும். முழுச் சீனா இல்லை. அதற்காக அவர்கள் படிப்பு சாதாரணம் என்று சொல்ல மாட்டேன். எட்டாவதில் இயற்பியல், ஒன்பதாவதில் வேதியியல் என்று ஆரம்பித்து விடாமல் கொண்டுபோகிறார்கள். இங்கே அமெரிக்காவில் பல பள்ளிகளில் உயிரியல் ஒரு வருடம், வேதியியல் ஒரு வருடம், அத்தோடு சரி. ஆனால் அங்கே எல்லாமே ஜூன் மாதம் நடக்கும் காவோகாவோ என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வில், 750 மதிப்பெண்ணில் போய் முட்டி நிற்கிறது. இங்கே தாமதமாக வருகிறவளுக்கும் வழி உண்டு. அந்த வழியைத்தான் நீங்கள் கோச்சிங்குக்குக் காசு கொடுத்து மூடப் பார்க்கிறீர்கள்.

மகளிடம் தனியாகப் பேசினேன். சமையலறை மேடையில் ஆறு பாட்டில் இட்லி மாவு. ஒவ்வொன்றிலும் உப்பின் அளவு எழுதி ஒட்டி, எவ்வளவு பொங்கியது என்று ஸ்கேலால் அளந்து கிராஃப் போட்டிருக்கிறாள். இவளுக்கா கணக்கு வராது?

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை ஏபி பாடங்கள் எல்லாம் உங்களுக்கே தெரியும். நீங்கள் எட்டிப் பார்க்காதது உங்கள் ஊர் ஓலோன் கம்யூனிட்டி காலேஜ், அதாவது முதல் இரண்டு வருடப் படிப்பைக் குறைந்த கட்டணத்தில் தரும் அரசுக் கல்லூரி. நியூவார்க் வளாகத்தில் பயோடெக்னாலஜி கற்றுத் தருகிறார்கள். கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், மூன்று யூனிட் பாடம் 138. பள்ளியில் படித்துக்கொண்டே சேரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுவும் தள்ளுபடி. புத்தகச் செலவை மட்டும் விசாரியுங்கள். எந்தப் பாடம் எந்தக் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் பார்க்கலாம். பள்ளி முடிந்து அங்கேயே தொடர்ந்தால், தேவையான மதிப்பெண்ணும் 60 யூனிட்டும் இருந்தால் டேவிஸ், இர்வைன் உட்பட யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் ஒன்றில் உத்தரவாதத்தோடு மூன்றாம் வருடம் சேரலாம். விண்ணப்பம் செப்டம்பரில். பெர்க்லியும் யூசிஎல்ஏவும் இந்த ஆறில் கிடையாது, சில பாடப்பிரிவுகளுக்கும் பொருந்தாது.

“கம்யூனிட்டி காலேஜா? ஊரில் என்ன சொல்வது சார்?” என்றார் அப்பா. டேவிஸில் முடித்தால் பட்டத்தில் யூசி டேவிஸ் என்றுதான் இருக்கும், அதைச் சொல்லுங்கள்.

கோச்சிங்குக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பேச்சை அவளாக எடுக்கும்வரை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம். ஓலோன் சேர்க்கைப் படிவத்தில் பள்ளி கவுன்சிலர் கையெழுத்து வேண்டும், இந்த வாரமே கேளுங்கள். பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.