ஐ7 என்றால் போதாது, பின்னால் உள்ள எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: மகள் பி.காம். முதலாண்டு படிக்கிறாள், டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருளைப் பழக வேண்டும். மகன் பத்தாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்க 40,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறோம். தெரிந்த பையன் ஒருவர் அழைத்துப்போன கடையில் ‘ஐ7 பிராசசர், புது போர்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 22 அங்குல மானிட்டர்’ எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். வேறொரு கடையில் 8 ஜிபி ரேம் போட்ட ஐ3-12100 கணினிக்கே 38,000 கேட்கிறார்கள். ஐ7 மலிவாகக் கிடைக்கும்போது ஐ3 எதற்கு என்கிறார் என் கணவர். எதை வாங்கலாம்?
வாசகி, திண்டுக்கல்

பதில்: ஐ3-12100 கணினியை வாங்குங்கள். 24,000 ரூபாய் ஐ7 வேண்டாம்.

உங்கள் கணவரின் கேள்வியில் தவறில்லை. இன்டெல் நிறுவனத்தின் பிராசசர்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பவை படிப்படியாகத் திறன் கூடும் வரிசை என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். ஒரே காலத்தில் வெளிவந்தவற்றுக்குள் அது பொருந்தவும் செய்யும். ஆனால் ஐ7 என்பதற்குப் பின்னால் ஓர் எண் உண்டு, இந்த விலைக்கு விற்கிறவர்கள் வாய்திறந்து சொல்லாமல் விடுவது அதைத்தான். அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டு முன்னால் நிற்பதைப் பாருங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, அது 2012-இல் வந்தது. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, அது 2022-இல் வந்தது. இரண்டிலுமே இருப்பவை நான்கு கோர்கள்தாம், அதாவது பிராசசருக்குள் கணக்கிடும் பகுதிகள். ஆனால் இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஒரு கோர் வேலை செய்யும் வேகம் வெகுவாகக் கூடிவிட்டதால், பெயரில் சிறியதான ஐ3 அந்தப் பழைய ஐ7-ஐ எளிதாக முந்திவிடுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட விலைக்கு மானிட்டரோடு சேர்த்துப் புதிய தலைமுறை ஐ7 தர யாராலும் முடியாது. ஆகவே அது இரண்டாவது, மூன்றாவது அல்லது நான்காவது தலைமுறையாகத்தான் இருக்கும்.

‘புது போர்டு’ என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். போர்டு என்பது பிராசசரைப் பொருத்தும் மதர்போர்டு. அந்தப் பழைய பிராசசர்களுக்குப் பொருந்தும் எச்61 போன்ற மதர்போர்டுகள் இன்றும் புதிதாகத் தயாராகிப் பெட்டியில் வருகின்றன. எங்கோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கணினியிலிருந்து கழற்றிய பிராசசரை அதில் பொருத்தி, பளபளக்கும் கண்ணாடிக் கேபினெட்டில் வைத்து விளக்கும் எரியவிட்டால், பார்ப்பவருக்கு எல்லாமே புதிதாகத் தோன்றும். ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரக் குறியீடு ஒட்ட வைத்திருக்கும் இதே நாட்டில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய பிராசசரை ஆண்டைச் சொல்லாமலே புதுக் கணினி என்று பிள்ளைகளின் படிப்புக்காக வாங்குவோரிடம் விற்க முடிகிறது. ஆண்டுக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கேட்பார் யாரும் இல்லை.

பழையதானாலும் டேலி ஓடினால் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். டேலி ஓடும். சிக்கல் விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய கணினியிலும் குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் காட்டுவார்கள். அப்படி ஏற்றியவற்றுக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கையும் கல்லூரிக் கட்டணத்தையும் கையாளப்போகும் கணினியில் இந்த நிலை கூடாது. கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்த விண்டோஸையும் அதே காரணத்துக்காக மறுத்துவிடுங்கள்.

ஐ3-12100 வாங்கும்போதும் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணின் முடிவில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அதாவது 12100எஃப், 12400எஃப் என்று இருந்தால், அந்தப் பிராசசருக்குள் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. விலை சற்றுக் குறைவு என்பதால் பலர் ஆவலோடு வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால்தான் படம் வரும். அந்தக் கார்டின் விலையோ மிச்சம்பிடித்த தொகையைப் போல் பல மடங்கு. கார்டும் சேர்த்தே விற்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால், அது பழைய சந்தையில் எடுத்த கார்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரிய கேம் ஆடுவோரும் வீடியோ எடிட்டிங் செய்வோரும் எப்படியும் நல்ல கார்டு வாங்குவார்கள் என்பதால் அவர்களுக்கு எஃப் வகை பொருந்தும். உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர்களிலும் இதே வலை உண்டு: ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் இருக்கிறது, ரைசன் 5 5500-இல் இல்லை.

ரேம் 8 ஜிபி உங்களுக்கு இப்போதைக்குப் போதும். பிறகு ஒன்று சேர்க்க இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது; இந்த நிலையில் யாராவது 16 ஜிபியை அள்ளிக்கொடுக்கிறார்கள் என்றால் அது கழற்றிய ரேமா என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி அந்தத் தெரிந்த பையன். பல கடைகளில், அழைத்து வருபவருக்கென்று ஒரு தொகை இருக்கிறது. அது உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மலிவானதாகவும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பெயர் தெரியாததாகவும் உள்ளே நுழைவதற்கும் அதுவே வழி. அவரோடு போகாதீர்கள், மகளோடு போங்கள். கணினியை அங்கேயே ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பிராசசரின் முழுப்பெயரும் எண்ணும் தெரியும். பில்லில் உள்ளதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள், இணங்காதீர்கள். பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் ஒவ்வொன்றின் மாடலும் சீரியல் எண்ணும் பில்லில் வர வேண்டும். ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் 1’ என்று ஒரே வரியில் எழுதித் தந்தால், நாளை ரேம் பழுதானால் அந்த நிறுவனத்தின் வாரன்டியைக் கேட்க உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. நான் கருத்துச் சொல்லப் போன வழக்குகளில் ஒன்றுகூட அந்தக் கெடுவுக்குள் முடியவில்லை. ஒன்றில் தீர்ப்பு வருவதற்குள் பிள்ளை கல்லூரிப் படிப்பையே முடித்துவிட்டான். பில் சரியாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போதாவது உங்கள் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

மிஞ்சும் 2,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். கணினி வருவதற்கு முன்பே, அதை வைக்கப்போகும் இடத்திலுள்ள பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு உட்கார்ந்து படிக்கும் இடம் அது.