தேயிலை மண்ணில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் நிலைக்குமா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டுகிறோம். மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து வீட்டுக்குக் குழாய் புதைக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில், தோண்டி எடுத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஓட்டை எதுவும் தெரியவில்லை. "இன்னும் ஐம்பது வருடம் தாங்கும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். ஓட்டை தெரியவில்லை என்பதை நம்பி இதில் இறங்கக் கூடாது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கார்பன். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் பின்னிக் கிடக்கிறது. அமில மண்ணின் ஈரம் இரும்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கிராஃபைட்டும் துருவும் அதே வடிவத்தில் நின்றுவிடும். பார்வைக்கு முழுக் குழாய், உள்ளே வெறும் பென்சில் கரி. மழையில் மண் சற்று இறங்கினாலே குறுக்கே முறியும்.

சந்தேகம் இருந்தால் பேனாக்கத்தியால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாக, மெத்தென்று பொடி வந்து அது காகிதத்தில் கோடு போட்டால் அந்தக் குழாய் முடிந்துவிட்டது. சுத்தியலால் தட்டினால் நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாகச் சத்தமிடும்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. பிரான்சின் வெர்சாய் அரண்மனைக்கு 17ஆம் நூற்றாண்டில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. எல்லாம் மண்ணைப் பொறுத்தது. தேயிலை விரும்புவது பி.எச். (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம்) 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண். இரும்புக்கு அது ஆகாது. மலை ஊற்று நீரில் பொதுவாகச் சுண்ணாம்பும் குறைவு என்பதால், குழாயின் உட்புறத்தைக் காக்கும் படிவும் சரியாகச் சேராது.

உங்களுக்கு ஏற்றது ஐ.எஸ். 4984 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எச்.டி.பி.இ. (அடர் பாலித்தீன்) பிளாஸ்டிக் குழாய். மண்ணின் அமிலம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் இறக்கத்தை அளந்த பிறகே வாங்குங்கள்: 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் ஏறும். 50 மீட்டர் இறக்கம் என்றால் அழுத்தம் 5 கிலோ; 6 கிலோ அழுத்தம் வரை தாங்கும் குழாய் மிக நெருக்கம். அடுத்த ரகத்தைக் கேளுங்கள். வண்டிகள் கடக்கும் இடத்தில் மட்டும் டி.ஐ. (டக்டைல் அயர்ன், எளிதில் முறியாத வார்ப்பிரும்பு) குழாய் போடலாம். அதுவும் இரும்புதான், ஆகவே பாலித்தீன் உறை சுற்றிப் புதைக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தை மூட, கொதிகலனில் எரிந்த நிலக்கரிக் கசடு சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அதிலுள்ள கரி ஈரத்தோடு சேர்ந்து இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும்.