குழுவாக எண்ணும்போது கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறதா?

நாலு பேர் சேர்ந்து பொத்தான்களை நிறவாரியாக எண்ணும்போது ஒரு குழந்தையே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது, எண்ணிக்கையும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் குழுவை மூன்று பேராக்கிப் பாருங்கள். ஒருவர் பொத்தானை எடுத்து நிறத்தைச் சொல்லட்டும், அடுத்தவர் தாளில் அந்த நிறத்துக்கு நேரே ஒரு கோடு போடட்டும், மூன்றாமவர் பொத்தானை வாங்கித் தட்டில் வைக்கட்டும். கோடு விழாமல் பொத்தான் தட்டுக்குப் போகக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் விடாதீர்கள். எண்ணியதும் எண்ணாததும் கலந்துபோவதால்தான் பெரும்பாலும் கணக்கு மாறுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் வேலையை மாற்றிக் கொடுங்கள்.

நாலு கோடுகளுக்குக் குறுக்கே ஐந்தாவது கோட்டைப் போடுவதை இப்போதே சொல்லித்தர வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பலர் அந்தக் குறுக்குக் கோட்டை எண்ணாமல் விட்டுவிடுவார்கள். ஐந்தைந்தாக எண்ண வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், தாளையும் தட்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். சிவப்புப் பொத்தான்கள் தாளில் 7, தட்டில் 8 என்று வந்தால் உடனே திருத்தாதீர்கள். "எது சரி, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். எனக்கு இதுதான் பாடத்தின் உயிரான இடம். கோட்டுக்கு ஒரு பொத்தானாக வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டால் முதல் பொத்தானை நீங்களே வைத்துத் தொடங்கிவிடுங்கள்.