பேய்ப் படம் பார்த்தால் புத்தி பேதலிக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. விடிய விடிய செல்போனில் பேய்ப் படமும் பில்லி சூனிய வீடியோவும்தான். சரியாகச் சாப்பிடுவதில்லை. தூக்கத்தில் பேய் அமுக்குகிறது என்கிறான். என்னுடைய தூக்க மாத்திரையில் பாதியை நான்கு நாள் கொடுத்தேன். பேய் ஓட்ட மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். என் தம்பிக்கும் இதே வயதில்தான் புத்தி பேதலித்தது.
- ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: மகனும் தம்பியைப் போல ஆகிவிடுவானோ என்பதுதானே அம்மா உங்கள் பயம்? பேய்ப் படம் பார்த்து மனச்சிதைவு என்கிற மனநோய் வராது. தாய்மாமனுக்கு அந்த நோயே இருந்திருந்தாலும் மருமகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு வருவதில்லை.

திரையில் ஓர் உருவம் பாய்ந்ததும் அட்ரீனலின் என்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. 'நாம் வீட்டில்தான் இருக்கிறோம்' என்று மூளையின் முன்பகுதி உடனே சொல்லிவிடுகிறது. பயம் வடியும்போது ஒரு சுகம் இருக்கிறதே, அதற்காகத்தான் மறுபடி பார்க்கிறார்கள். மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவில் காளி வேடம் ஓடி வரும்போது அப்பாவின் தோளில் இருக்கும் பிள்ளை அலறும். அலறிக்கொண்டே விரலிடுக்கில் பார்க்கும். அதே ருசிதான் இது. சூனிய வீடியோவும் அப்படித்தான். படிப்பு, பரீட்சை என்று எதுவுமே தன் பிடியில் இல்லாத வயதில், யாருக்கும் தெரியாத சக்தி என்றால் இழுக்காதா?

பேய் அமுக்குவது நோயில்லை. கனவுத் தூக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அது விலகும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் அசைய முடியாது. தூக்கம் கெட்டவர்களுக்கு இது அதிகம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 10 மணிக்கு செல்போனை வாங்கி வையுங்கள். தூக்கம் சரியானால் சாப்பாடும் சரியாகலாம்.

உங்களுக்கு எழுதிய மாத்திரையைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுத்தீர்கள்? இனி ஒரு துண்டுகூடக் கூடாது.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். நன்றாக விழித்திருக்கும்போது, பட்டப்பகலில், அவனுக்குக் குரல் கேட்கிறதா? கண்ணயரும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருப்பது பலருக்கும் உண்டு, அதை விடுங்கள். சாப்பிடும்போது காதைப் பொத்துகிறானா? தனியாக யாருக்கோ பதில் சொல்கிறானா? சூனியம் வைத்துவிட்டதாக வீட்டாரையே சந்தேகப்படுகிறானா? அவனிடமே கேளுங்கள், கேட்பதால் இல்லாதது வந்துவிடாது. ஆமாம் என்றால் அந்த வாரமே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். 'செத்துப்போ', 'அடி' என்று குரல் ஏவினால் அன்றைக்கே போக வேண்டும். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அங்காளம்மனைத் தாராளமாகக் கும்பிட்டு வாருங்கள். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று யாரும் அவனைக் கட்டவோ அடிக்கவோ விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள்.

டாக்டரிடம் போனால் தம்பியின் கதையை மறைக்காதீர்கள். எந்த வயதில் எப்படி ஆரம்பித்தது, என்ன மருந்து சாப்பிட்டார், எந்த மருந்தில் குணம் தெரிந்தது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள்.